ராஜபாளையம் குட்டிக்கு என்ன போடுவது

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. குட்டி வீடு வந்து சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். 50 நாள் குட்டி, எடை 3 கிலோ, இதுவரை தின்றது பால்சோறு, வீட்டில் அசைவம் கிடையாது, கடைக்காரர் தீனி பாக்கெட்டோடு ஒரு கால்சியம் டானிக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நீ எழுதியதில் எனக்கு வேண்டிய விவரம் இவ்வளவும்தான். அந்த டானிக் பாட்டிலைத் திறக்காதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பால்சோற்றிலேயே வளர்த்துவிடலாமா என்று அத்தை கேட்டதாக எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோ எடையில், இந்த வயதில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கலோரி வேண்டும். வடித்த சோறு 300 கிராமும் பால் 150 மில்லியும் சேர்ந்தால் அந்தக் கலோரி வந்துவிடும், வயிறும் பானை போல உப்பிவிடும். ஆனால் அதில் புரதம் 13 கிராம்தான். வளரும் குட்டிக்கு அந்தக் கலோரியோடு 27 கிராம் வந்தாக வேண்டும். கால்சியம் இன்னும் மோசம். 1,400 மில்லிகிராமுக்கு மேல் வேண்டிய இடத்தில் 200 சுமார் கிடைக்கும். சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் ஊற்றினாலும் வேண்டியதில் பாதியைத் தாண்டாது. பால்சோற்றில் வளர்ந்த நாய்கள் ஊரெல்லாம் உண்டு என்று அத்தை சொல்வது வாஸ்தவம். அந்த நாய்கள் வெளியே திரிந்து எலி, ஓணான், கறிக்கடைக் கழிவு என்று குறையை ஈடுகட்டிக்கொண்டன. உன் குட்டிக்கு நீ வைக்கும் தட்டை விட்டால் வேறு வழியில்லை.

பசும்பாலும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பால் சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் கூடுதல். பால்குடி மறக்கும் வயதில் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். செரிக்காமல் குடலில் தங்குவது தண்ணீரை இழுத்துக்கொண்டு கழிச்சலாகப் போகும். தயிர் ஒரு ஸ்பூன் இருந்தால் பரவாயில்லை.

ஆகவே உன் வீட்டுக்குப் பொருத்தமானது நல்ல உலர்தீனிதான். சமையலறையில் கறி ஏற வேண்டிய அவசியமும் இல்லை. சைவ உலர்தீனியும் கடையில் கிடைக்கும். வளரும் வயதில் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதே, பின்பக்கத்தைப் படி. முதலில் தேட வேண்டியது, 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' (எல்லாச் சத்தும் சமமாகச் சேர்ந்த முழுச் சாப்பாடு) என்ற சொல்லும் அதோடு 'குரோத்' அல்லது 'பப்பி' என்ற சொல்லும். 'காம்ப்ளிமென்டரி' என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு அல்ல. கிரேவி பவுச்சுகளில் பல இந்த ரகம். அடுத்து புரதம். பிராணிகளின் தீனிக்குத் தர அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வளரும் குட்டிக்கு வகுத்த குறைந்தபட்சம், ஈரத்தைக் கழித்த எடையில் புரதம் 22.5 சதவீதம், கொழுப்பு 8.5 சதவீதம். ஈரத்தைக் கழித்து என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். உலர்தீனியில் புரதம் 24, ஈரம் 10 என்றிருந்தால் 24-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்கு, 26.7 வரும். பவுச்சில் புரதம் 8, ஈரம் 80 என்றிருந்தால் 40 வரும். இரண்டையும் மேலே அச்சிட்ட எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது.

இப்போது கால்சியம். ராஜபாளையம் உயரமாக, சீக்கிரம் நீளும் நாய். அதனால் 'லார்ஜ் பிரீட் பப்பி', அதாவது பெரிய ஜாதி நாய்க்குட்டிக்கு, என்று போட்ட பாக்கெட்டே எடு. அதில் கால்சியம் 1.2-இலிருந்து 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வளர்ந்து முடிந்த நாயின் குடல் கால்சியத்தை வேண்டும் அளவு மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதம் ஆகாத குட்டியின் குடலுக்கு அப்படித் தள்ளத் தெரியாது. கொடுத்தது பெரும்பகுதி உள்ளே போய்விடும். சமன் செய்த தீனிக்கு மேல் டானிக் ஊற்றினால், குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல் மூட்டு கெடும், கால் வளையும். கால் வளைகிறதே என்று இன்னும் இரண்டு மூடி சேர்த்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் மனதுக்குக் கஷ்டம். உன் வீட்டு டைல்ஸ் தரையில் குட்டிக்குக் கால் விரிந்து வழுக்கினால், அது தின்னும் படுக்கும் இடத்தில் கோணிச் சாக்கையோ ரப்பர் பாயையோ விரித்துப் போடு. நிற்கும் விதமே கோணலாகத் தெரிந்தால் டாக்டர் பார்க்கட்டும்.

மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கிலோ கணக்கில் லூஸில் தரும் கடையில் வாங்காதே. காற்றுப்பட்டால் கொழுப்பு கெடும், நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பழைய எண்ணெய்க் காறல் வாடை அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடு. மூடிய பாக்கெட் வாங்கி, பாக்கெட்டோடு அப்படியே இறுக்கமான டப்பாவில் வை. டப்பாவில் கொட்டினால் அடியில் ஒட்டிய பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். பிரித்த பாக்கெட் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில் வாங்கினால் போதும்.

மாற்றுவதை அவசரப்படாமல் செய். முதல் இரண்டு மூன்று நாள் பழகிய பால்சோறே போகட்டும், பாலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து குறை. பிறகு முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதிது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிப் பாதி. பிறகு கால், முக்கால். பத்து நாளில் முழுக்க மாறியிருக்கும். உலர்தீனியை அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வை. விரலால் அழுத்தினால் ஊறிய இட்லி போல நசுங்க வேண்டும், நடுவில் கட்டி தட்டுப்படக் கூடாது. 20 நிமிடத்தில் தின்னாமல் மிச்சம் வைத்ததை எடுத்துவிடு. ஊறிய தீனி வெயில் நேரத்தில் சீக்கிரம் புளித்துவிடும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் தட்டை வை. தனியாகக் குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அளவு: 100 கிராமுக்கு 380 கலோரி என்றிருக்கும் தீனியானால் நாளைக்கு 126 கிராம், நாலு வேளையாக வேளைக்கு 30 கிராம் சொச்சம். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறு. 6 கிலோ ஆகும்போது 210 கிராம் அருகில் வரும். நாலு மாதத்துக்குப் பிறகு எடைக்கு ஏற்ற தேவை குறைய ஆரம்பிக்கும், அப்போது மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. ஒரே வேளையாக ஒருநாளும் மாற்றாதே. இந்த மாதிரி ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு மொத்தமாகத் தின்றால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இந்த எண்ணெல்லாம் தொடக்கத்துக்குத்தான். வாரம் ஒருமுறை எடை பார், விலாவைத் தொட்டுப் பார். உன் கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவு: விலா அப்படித் தட்டுப்பட்டால் குட்டி மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவு: அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் தீனி அதிகம். இது ஒல்லி வாகு ஜாதி. எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள், அதைக் கேட்டு அளவைக் கூட்டாதே. வளரும் எலும்புக்கு எடைதான் சுமை.

வயிறு இளகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிராண்டை அல்ல, அளவை. கால் பங்கு குறைத்து இரண்டு நாள் பார். அடிக்கடி தீனியை மாற்றினாலும் கழிச்சல் வரும். ஆனால் வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல், துவண்டு படுப்பது என்று வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று காத்திருக்காதே, பார்வோ என்ற உயிரைக் குடிக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம்; அன்றைக்கே, அந்த மணிக்கே கொண்டு போ. முதல் தடுப்பூசி போடும் வயது இதுதான், 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று வர வேண்டும். பூச்சி மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம். பூச்சி இருந்தால் எந்தத் தீனியும் உடம்பில் ஒட்டாது.

தின்பண்டம் நாளில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 48 கலோரி. நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டில் அது தாண்டிவிடும். முட்டை உங்கள் வீட்டில் ஆகுமானால் வேகவைத்ததில் பாதி போதும். சாம்பார்சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழந்தைகளிடம் இதைத் தனியாகச் சொல்லி வை. சாக்லேட்டும் சர்க்கரையில்லாத சூயிங்கமும் அந்தப் பட்டியலில்தான்.

வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, கால்சியம் எண் தெளிவாகத் தெரியும்படி. ஞாயிற்றுக்கிழமை எடையையும் எழுது. அளவைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சாந்தி