பெட்டி போனது, ஆள் ஏறவில்லை

அன்பு மகளுக்கு,

டொரன்டோ பியர்சன் விமான நிலையத்தில் பெட்டிப் பிரிவில் சேரப் போகிறாய் என்றதும் சந்தோஷமாக இருந்தது. வேலையில் சேருமுன், 1985-இல் அந்த நிலையம் வழியாகப் போன பெட்டியில் இருந்த குண்டால் கனிஷ்கா என்ற ஏர் இந்தியா விமானம் வெடித்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

அதற்கு முந்தின வருஷமே நம் மீனம்பாக்கம் எச்சரித்துவிட்டது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்குப் பெட்டி போட்ட ஆள் விமானம் ஏறவில்லை. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் பெட்டிகளை நேரத்தில் அப்புறப்படுத்தவில்லை. பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 33 பேர் இறந்தார்கள். 

பத்து மாதம் கழித்து கனடாவில் அதே வழி. 1985 ஜூன் 22, வான்கூவர் கவுன்டர். டெல்லி போக வந்த ஒரு பயணிக்கு டொரன்டோவுக்கு அப்பால் ஏர் இந்தியா விமானத்தில் இருக்கை உறுதியாகவில்லை. அப்படியானால் பெட்டியை டொரன்டோவில் எடுத்து மறுபடி போட வேண்டும். கவுன்டரில் இருந்தவர் அதைச் சொல்லவும் செய்தார். அவன் விடாமல் வற்புறுத்தினான், பின்னால் வரிசை நீண்டது, டெல்லிவரை டேக் விழுந்தது. பெட்டி போனது, ஆள் ஏறவில்லை.

கவுன்டரில் இருந்தவர்மேல் மட்டும் பழி போடுவது அநியாயம். டொரன்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதானது. மீதிப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் மோப்பக் கருவியால் பார்த்தார்கள். அதை நம்ப முடியாது என்று போலீஸ் சோதனையில் முன்பே தெரிந்திருந்தது. பெட்டிக்கு உரியவர் ஏறினாரா என்று யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. மறுநாள் அயர்லாந்து கடலோரம் கனிஷ்கா வெடித்தது, 329 உயிர். அதற்கு 55 நிமிடம் முன்பு, வான்கூவரிலிருந்தே போன இன்னொரு பெட்டி ஜப்பானின் நரிட்டாவில் வெடித்தது. அங்கே இறந்த இருவரும் உன்னைப் போலப் பெட்டி கையாளும் தொழிலாளர்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடியர்கள். ஆனால் கனடியப் பிரதமர் மல்ரோனி துக்கம் விசாரித்தது ராஜீவ் காந்தியிடம். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். யாருடைய சாவு என்று ஒரு நாடு தீர்மானித்துவிட்டால், விசாரணையும் அந்த வேகத்தில்தான் நடக்கும். கனடிய உளவுத்துறை, தான் பதிவுசெய்த ஒலிநாடாக்களை அழித்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவர் 2005-இல் விடுதலை ஆனார்கள். தண்டனை பெற்றது ஒரே ஒருவன். நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கை வர 2010 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பெற்றோர் கண்ணை மூடிவிட்டார்கள்.

இனி உன் வேலை. கேட் மூடும்போது வராதவர் பட்டியல் வரும், அவர்கள் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். பெயரை மட்டும் பார்க்காதே, ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். டேக்கின் பத்து இலக்க எண்ணைப் பார். ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்து, எந்தக் கன்டெய்னரில் (பெட்டிகளை அடுக்கி விமானத்தில் ஏற்றும் பெரிய கூடு) போனது என்று பதிவானால்தான் இறக்கும்போது ஒரு கன்டெய்னரைத் திறந்தால் போதும். ஸ்கேனர் நின்றுபோய்க் கையால் எழுதும் நாட்களில்தான் தவறு நடக்கும்: ஒரே கன்டெய்னர் எண்ணில் இரண்டு கன்டெய்னர் பெட்டியை எழுதிவிடுவார்கள். வேறு விமானத்திலிருந்து மாறிவரும் பெட்டியில் இன்னும் கவனம் வேண்டும். 1985-இல் வந்ததும் அப்படிப்பட்ட பெட்டிதான். பயணி வேண்டுமென்றே பெட்டியை விட்டுப் பிரிந்தாரா, விமான நிறுவனத்தின் தவறால் பெட்டி பின்தங்கியதா என்பதைப் பொறுத்து விதி மாறும். அதைத் தீர்மானிப்பது நீயல்ல, மேற்பார்வையாளர். அவர் சொல்வதை எழுத்தில் வாங்கு. விமானம் தாமதமாகிறது என்று யார் சத்தம் போட்டாலும் பெட்டி இறங்கும்வரை கையெழுத்துப் போடாதே.

ஜூன் 23 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஹம்பர் பே பூங்காவுக்குப் போ. கனிஷ்கா நினைவிடம் அங்கே இருக்கிறது, இறந்தவர்களின் பெயர்கள் பொறித்திருக்கும். யாராவது குடும்பத்தார் வந்திருந்தால், நீ பியர்சனில் என்ன வேலை செய்கிறாய் என்று சொல். ஏறாத பயணியின் பெட்டியை இன்று எப்படி இறக்குகிறார்கள் என்று அவர்கள் கேட்டால், ஒவ்வொரு படியாக விளக்கிச் சொல்.

அன்புடன்,
அப்பா