யார் முதலில் எடுத்தால் என்ன?

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாளா! மிகவும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பொடி எழுத்தையும் படிக்க முடிகிறது.

இனி உங்கள் இருவரின் வழக்குக்கு வருகிறேன். பையில் 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து. எடுத்ததைத் திரும்பப் போடாமல் இருவர் ஆளுக்கொன்று எடுக்கிறார்கள். முதலில் எடுப்பவருக்கே சிவப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம் என்கிறாய் நீ. இருவருக்கும் சமம் என்கிறாள் அவள். அவள் பக்கம்தான் நியாயம்.

முதல் ஆளுக்கு 5/8. அவர் சிவப்பை எடுத்து, அடுத்தவருக்கும் சிவப்பே வர 5/8 × 4/7, அதாவது 20/56. அவர் நீலத்தை எடுத்து, அடுத்தவருக்குச் சிவப்பு வர 3/8 × 5/7, அதாவது 15/56. கூட்டினால் 35/56. சுருக்கிப் பார், அதே 5/8! எட்டு பேர் வரிசையில் நின்றாலும் கடைசி ஆளுக்கும் இதேதான்.

முதல் பந்தின் நிறத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் கணக்கு மாறும். சிவப்பு என்றால் அடுத்தவருக்கு 4/7, நீலம் என்றால் 5/7. இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: முதல் பந்தை மூடி வைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் பார்க்கிறோம், அது சிவப்பு. மூடிய பந்து சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு அப்போது 5/8 இல்லை, 4/7. பின்னால் எடுத்த பந்து முன்னால் எடுத்ததன் நிறத்தை மாற்றிவிடவில்லை. நமக்குத் தெரிந்த விவரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மாணவர்கள் தடுமாறுவது பெருக்கலில் இல்லை, இந்த இடத்தில்தான்.

எடுத்ததைத் திரும்பப் போட்டால் இரண்டும் சிவப்பாக வர 25/64, போடாவிட்டால் 5/14. பந்துகள் 500, 300 என்று பெருகினால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

ஆனால் உன் எண்ணம் சரியாக வரும் ஆட்டமும் உண்டு. 1657-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வெளியிட்ட கணக்கு அது. 4 வெள்ளை, 8 கறுப்பு, மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு மாறி மாறி எடுக்கிறார்கள். முதலில் வெள்ளை எடுப்பவருக்கு வெற்றி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. எடுத்ததைத் திரும்பப் போட வேண்டுமா என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. ஹுட்டே என்ற டச்சுக் கணித அறிஞர் போடக்கூடாது என்று எடுத்துக்கொண்டார். விடைகள் ஒத்துப்போகாமல் 1665-இல் இருவரும் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டார்கள். போட்டால் மூவரின் வாய்ப்பு 9 : 6 : 4. போடாவிட்டால் 77 : 53 : 35. எப்படிப் பார்த்தாலும் முதல் ஆளுக்கே லாபம், ஏனென்றால் அவர் வென்றுவிட்டால் மற்றவர்களுக்குப் பைக்குள் கைவிடும் முறையே வராது. உங்கள் பந்தாட்டத்தில் யார் என்ன எடுத்தாலும் அடுத்தவருக்கு முறை உண்டு.

அந்த 77 : 53 : 35 எப்படி வந்தது என்று மகளையே போட்டுப் பார்க்கச் சொல். ஒன்பதாவது முறைக்குள் வெள்ளை வந்தே தீரும் என்பதால் கணக்கு ரொம்ப நீளாது. அவள் கைப்பட எழுதிய தாளையே அனுப்பு, படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
சேகர்