வரும்போது போக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலச்சிக்கல் பற்றி எங்கே படித்தாலும் நார்ச்சத்து சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் சொல்ல வேண்டிய ஒன்றை, கூச்சத்தினாலோ என்னவோ, யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வரும்போது போகாமல் அடக்கி வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

மலத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. உள்ளே தங்கத் தங்க அது காய்ந்து இறுகிக்கொண்டே போகும். வேலை முடியட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வெளியிடத்துக் கழிப்பறை வேண்டாம் என்று தள்ளிப்போட்டால் சிறிது நேரத்தில் அந்த உணர்வு அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம், அடுத்த முறை வரும்போது முக்கி முக்கித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும். இதையே வழக்கமாக்கிக்கொண்டால் மலக்குடல் விரிந்துகொடுத்து, நிறைந்திருப்பதைச் சொல்லும் உணர்வே மந்தமாகிவிடுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஒரு தடவை கெட்டியாகப் போய் வலித்தால் அந்தப் பயத்திலேயே அடுத்த தடவை அடக்கும், அடக்க அடக்க இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளை முக்குகிறது என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது அடக்கிக்கொண்டிருக்கிறது. நாள்பட்டுத் தேங்கிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படும்போது, வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு, அழுக்காக்கிவிட்டாய் என்று திட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து திட்டாதீர்கள், அது தெரிந்து செய்வதல்ல. மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, நேரம் எப்போது ஒதுக்குவது? வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், காலையில் அந்த அசைவு நன்றாக இருக்கும். அதனால் காலை உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கிடைக்கிற மாதிரி கொஞ்சம் முன்னதாக எழுந்தாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். மேற்கத்திய கழிப்பறையில் உட்கார்பவர்கள் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, லேசாக முன்னால் சாய்ந்து உட்காருங்கள். குந்தி உட்காரும்போது கிடைப்பது போல, மலக்குடலை இழுத்துப் பிடித்திருக்கும் தசை அப்போது தளரும். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் முக்குவதும் மூலத்துக்குத்தான் வழி.

நார்ச்சத்து பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்பார்கள். தவிடு நீக்காத தானியம், பயறு, கீரை, தோலோடு சாப்பிடக்கூடிய பழம் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாளையிலிருந்தே ஒரேயடியாகக் கூட்டினால் வாயுவும் உப்புசமும் வந்து, இது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவீர்கள், அதனால் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கூடவே தண்ணீரும் போதுமான அளவு வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வயதானவர்கள், பகலிலேயே கணக்காகக் குடித்துவிடலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. அப்புறம், தினமும் நடப்பது குடலையும் அசைய வைக்கும்.

தினமும் போயே ஆக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் வாரத்துக்கு மூன்று முறை போவதும், சிரமமில்லாமல் போகிறதென்றால், இயல்புதான். ஒரு நாள் போகவில்லை என்று உடனே பேதி மாத்திரை தேடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மருந்துகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூட மலத்தை இறுக்கும். புதிதாக மாத்திரை தொடங்கிய பிறகு சிக்கல் வந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடுத்தர வயதுக்கு மேல் பழக்கம் திடீரென்று மாறுவது, வயிறு வீங்கி வாந்தியோடு காற்றுகூடப் பிரியாமல் போவது, இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்க்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுங்கள். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத கழிப்பறைக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள், மாலை வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமலும் இருப்பார்கள். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை கை தூக்கினால் ஆசிரியர்கள் காரணம் கேட்காமல் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்