பழக்கூடையோடு போவது துணையாகாது

ஆசிரியருக்கு,

புற்றுநோயாளருக்குத் துணையிருக்க தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் முன்வருவது நல்லதே. ஆனால் பழக்கூடையோடு கும்பலாக லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) நுழைந்தால் நோயாளிக்குக் களைப்புத்தான் மிச்சம். ஒருவருக்கு ஒருவர், வாரம் ஒருமுறை, சொன்ன நாளில், ஒரு மணி நேரம் போதும். சொல்லாமல் இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டால் நம்பிக்கை போய்விடும். லயத்துக் காம்பரா அறையில் பேசுவது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நோயின் பேரை அவராகச் சொல்லும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். “ஒண்ணுமில்ல, சரியாகிடும்” என்பதும் வேண்டாம், அதோடு அவர் வாயை மூடிவிடுவார்.

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ கிளினிக் போவதற்கு முதல்நாள், டாக்டரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக்கொடுங்கள். சிங்களம் தெரிந்தவர் கூடவே போனால் இன்னும் நல்லது. கிளினிக் கொப்பி, ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். உங்களுக்கே தடிமன் என்றால் அந்த வாரம் போனில் பேசுங்கள்.

தொண்டர்கள் சிலர்,
ஹட்டன்.