டயோடு படுத்திய பாடு

மச்சான்,

நலம்தானே? பேத்திக்குக் காது குத்தியதாகச் சொன்னாய், போட்டோவைக் காணோம். இங்கே சத்துவாச்சாரியில் எல்லோரும் சௌக்கியம், வெயிலைத் தவிர. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நம்ம வேலூரைச் சொல்வார்களே, அந்தப் பட்டியலில் காற்றில்லாத சமையலறை என்று எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்.

அதற்காகத்தான் பழைய கார் ரேடியேட்டர் ஃபேன் ஒன்றைச் சமையலறை ஜன்னலில் மாட்டினேன். மத்தியானம் முள்ளுக் கத்தரிக்காய் வதக்குகிற புகையை வெளியே தள்ளணும், ராத்திரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கணும். முன்பு சின்ன ஃபேனுக்கு வேகமும் திசையும் மாற்றச் செய்த எல்298 போர்டையே இதற்கும் கொடுத்தேன். சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், அதிலேயே 12 வோல்ட்டில் மூணு, நாலு வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். என் ஃபேன் முழு வேகத்தில் 9 ஆம்பியர் கேட்கிறது. கால்வாசி வேகத்துக்கே, சூட்டை இறக்குகிற ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை.

எலக்ட்ரானிக் சுவிட்சு மாதிரி வேலை செய்கிற மாஸ்ஃபெட் நாலு போட்டு, மோட்டாரை இரண்டு திசையிலும் ஓட்டுகிற பெரிய ஹெச் பிரிட்ஜ் கட்டலாம் என்று படம்கூட வரைந்தேன். மேலே உள்ள இரண்டுக்கும் கேட் (மாஸ்ஃபெட்டைத் திறக்கிற முனை) வோல்ட்டேஜைச் சப்ளைக்கு மேல் 10 வோல்ட் தூக்கணும், ஒரே பக்கத்தில் மேலும் கீழும் ஒரு கணம் சேர்ந்து திறந்தால் பேட்டரியே ஷார்ட், ஒரு நாளைக்கு இரண்டு தடவை திசை மாற்றுவதற்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். திசைக்கு இரண்டு கார் ரிலே, வேகத்துக்கு மைனஸ் பக்கம் ஐஆர்எஃப்இசட்44என் என்ற ஒரே ஒரு மாஸ்ஃபெட். திறந்திருக்கும்போது தடை 17.5 மில்லிஓம்தான், 9 ஆம்பியருக்கு ஒன்றரை வாட் சூடுகூட வராது. 12 வோல்ட்டில் ஓடி, மாஸ்ஃபெட்டை வேகமாகத் திறந்து மூடும் 555 ஐசி கேட்டுக்குப் 10 வோல்ட்டாவது தந்துவிடும், முழுசாகத் திறக்கும். ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட்டாக இருந்தால் அரைகுறைதான்.

முதல் நாள் மத்தியானம் புகை ஜோராக வெளியே போனது. ராத்திரி திசையைத் திருப்பினேன், பட்டென்று ஒரு சத்தம், மாஸ்ஃபெட் மூஞ்சியில் ஓட்டை. அது செத்த பிறகு ஃபியூஸ் நிதானமாகப் போனது!

மாஸ்ஃபெட் மூடும்போது மோட்டார் கிளப்புகிற வோல்ட்டேஜிலிருந்து காக்க, கரண்டை ஒரே பக்கம் விடுகிற டயோடை மோட்டாரின் இரண்டு முனையிலேயே சால்டர் வைத்திருந்தேன், மச்சான். ஒரே திசையில் ஓடுகிற வரைக்கும் அது சரி. ரிலே திருப்பியதும் டயோடு கரண்டை நேராக விடுகிற பக்கம் வந்துவிட்டது, மோட்டாருக்குப் போக வேண்டியதெல்லாம் அதன் வழியாக மாஸ்ஃபெட் தலையில் இறங்கியது. பாலிடெக்னிக் முதல் வருஷப் பையன் பண்ணுகிற தப்பு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். இப்போது டயோடு ரிலேக்கு முன்னால், ப்ளஸுக்கும் மாஸ்ஃபெட்டின் ட்ரெயின் முனைக்கும் நடுவில். அங்கே போலாரிட்டி மாறவே மாறாது. ஒரு வாரமாக ஓடுகிறது, ஹீட் சிங்க் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். உள்ளே இழுக்கும்போது காற்று கொஞ்சம் கம்மி, இறக்கையின் வளைவு ஒரு பக்கத்துக்குத்தானே.

ஒரு தொல்லை பாக்கி. சுற்றிக்கொண்டிருக்கும்போதே திருப்பினால் மோட்டார் கொடுக்கிற வோல்ட்டேஜும் பேட்டரியோடு சேர்ந்துகொண்டு, கரண்ட் ஸ்டார்ட்டிங்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போகும். நான் வேகத்தைக் குறைத்து, இறக்கை நின்ற பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறேன். வீட்டம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவளுக்கு அது வெறும் சுவிட்ச். பம்ப் செட்டுக்கு நீ ஒரு டிலே சர்க்யூட் போட்டாயே, அந்தப் படம் இருந்தால் அனுப்பு, பத்து செகண்டு கிடைத்தால் போதும்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவதாக இருந்தால் முன்னாடியே சொல். அப்புறம், வரும்போது அந்த மாஸ்ஃபெட் நாலு வாங்கி வா, இங்கே இருந்த கடைசி ஒன்றையும் மாட்டிவிட்டேன்.