அம்மாவுக்குச் சர்க்கரை நோயைப் புரியவைத்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவு சிஸ்டருக்கும், மருந்தாளுநர் அண்ணனுக்கும், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாதாமாதம் வீடு தேடி வரும் அக்காவுக்கும் வணக்கம். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாமா நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரைக்குக் குறையே இருந்ததில்லை. ஆனால் முன்பு காட்டிய மருத்துவமனையில், "சோத்தைக் குறைங்க, நடங்க" என்று சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கால் பராமரிப்பு பற்றிச் சுவரில் பெரிய அட்டை மாட்டியிருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சோற்றைக் குறைத்தவர், சர்க்கரைக்கு நல்லதென்று யாரோ சொன்னதை நம்பிச் சொம்பு சொம்பாகக் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்படி இறங்கும்?

சிஸ்டர், நீங்கள்தான் முதன்முதலாக "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க பெரியம்மா?" என்று கேட்டீர்கள். கூழும் மாவுச்சத்துதான், கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறும் என்று விளக்கினீர்கள். காகிதத்தில் ஒரு தட்டு வரைந்து, பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ என்று கோடு போட்டுக் காட்டினீர்கள். அதோடு விடாமல், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டீர்கள். புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வருவது அம்மாவின் வழக்கம். உங்களிடம் அது நடக்கவில்லை.

அப்படிக் கேட்டதில்தான் விரத விஷயமும் வெளியே வந்தது. கிருத்திகைக்குப் பட்டினி இருப்பார், மாத்திரையை மட்டும் விடமாட்டார். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் "மாத்திரைச் சூடு" என்பார். அது லோ சுகர், ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். விரதம் என்றால் அம்மா முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிடுகிறார்.

அண்ணா, காலை மாத்திரை உறையில் சூரியனும் இரவு உறையில் பிறையும் வரைந்து கொடுக்கிறீர்களே, அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

அக்கா, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய உங்கள் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தபோது, அது உங்களுக்கே கிடைத்ததாக மகிழ்ந்தோம். மகளிர் குழுவிலிருந்து வந்தவர் நீங்கள், நாற்று நட்டுப் பழகியவர். சேற்றில் இறங்குகிறவரிடம் "செருப்பில்லாம நடக்காதீங்க" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வயலிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். போன நடவின்போது உள்ளங்காலில் முள் தைத்திருந்தது, சர்க்கரையால் கால் மரத்திருந்த அம்மாவுக்கு உறைக்கவேயில்லை. கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. அன்றே சுகாதார நிலையத்துக்குப் போய் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டார். புண் ஆறிவிட்டது, கால் பிழைத்தது.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வரிசை வாசல்வரை நீளும் நாட்களில் சிஸ்டரால் யாரையும் உட்காரவைத்துப் பேச முடிவதில்லை. அவருக்குத் துணையாக இன்னொரு செவிலியரைப் போடுங்கள். வீடு வீடாக வெயிலில் அலையும் அக்காக்களின் ஊக்கத்தொகையை உயர்த்திக் கொடுங்கள்.

மனமார்ந்த நன்றியுடன்,
பெரியம்மாவின் மகள்