அபராதத்தைத் திருப்பிக் கொடு, புலவா

அன்புள்ள புலவா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. இங்கே திருச்சியில் எல்லோரும் நலம். வீட்டுக்காரிக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பதில் எழுதாமல் இருந்தேன் என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வகுப்பில் 'மொக்கை' என்று சொன்ன பையனிடம் பத்து ரூபாய் அபராதம் வாங்கினேன், தமிழைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தாய். ஏன்டா, விடுதியில் பொழுதன்றைக்கும் 'அறுக்காதே', 'பிளேடு போடாதே' என்று எங்களை விரட்டியது யார்? அந்த வரலாற்று வாத்தியாருக்கு 'ரம்பம்' என்று பேர் வைத்தது யார்? கொஞ்சம் யோசி. அறுவை, பிளேடு, ரம்பம் எல்லாமே அறுக்கிற சமாச்சாரம். முனை மழுங்கிய கத்தியையும் பென்சிலையும் மொக்கை என்பது பழைய வழக்கு. மழுங்கிய கத்தியால் அறுத்தால் வலி எவ்வளவு கூடும்! நாம் விட்ட இடத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் தொடர்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கா அபராதம்?

நீ நடத்துகிற நன்னூலிலேயே பவணந்தி முனிவர் குழூஉக்குறியை, அதாவது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மாற்றி வழங்கும் சொல்லை, தகுதி வழக்கில் சேர்த்து இடம் கொடுத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று நீதானே எனக்கு ஒப்பித்துக் காட்டினாய். குடித்தவன் உள்ளே இருக்கிறதையெல்லாம் கொட்டிவிடுவான், அதனால் சொல்விளம்பி! அந்தப் பேரை வைத்த வேடன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்?

எங்கள் வீட்டில் இப்போது தினமும் இதே பேச்சுதான். 'உருட்டு' என்றால் பொய்தானே என்று சின்னவளிடம் கேட்டேன். "இல்லப்பா, பொய்ன்னா நாம நம்பணும்னு சொல்றது. உருட்டுன்னா கதை விடுறான்னு நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும், அப்பவும் விடாம உருட்டுவான்" என்றாள். அவள் தோழி ஒத்துக்கொள்ளவில்லை, நாம் நம்பிவிட்டாலும் அது உருட்டுதான் என்கிறாள். அரைமணி நேரம் சண்டை. இப்படி உதாரணம் சொல்லிச் சொல்லி மோதித்தான் ஒரு சொல்லுக்குப் பொருள் நிலைக்கிறது. 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தபோது எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்துக்காட்டி நீ குதித்தாயே, மறந்துவிட்டாயா? கரிசல் சொற்களை கி. ராஜநாராயணன் தொகுத்தார் என்று சொல்லும்போது உன் குரலே மாறிவிடுமே. நேற்று முளைத்த சொல் மட்டும் உனக்கு ஆகாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை. அந்தப் பையன் சென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுக்காரன் என்று எழுதியிருந்தாய். என் அம்மா பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான், உனக்குத் தெரியும். நான் படித்த பள்ளிக்கு வந்து அவள் வாயைத் திறந்தால் வாத்தியார்களே சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் பேசிய பேஜாரும் நாஸ்தாவும் உருதுவிலிருந்து வந்தவை. கஸ்மாலம், வடமொழிக் கஷ்மலம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்துச் சொல்கிற அதே சொல். உபன்யாசத்தில் கேட்டால் கைகூப்புகிறவர்கள், மீன் விற்கிற அம்மாவிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வெறுப்பெல்லாம் ஆளின் மேல்தான், புலவா. அந்தக் கூட்டத்தில் நீயும் சேர்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் நாளைக்கே அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடு. கூடவே ஒரு நோட்டும் வாங்கிக் கொடு. வீட்டிலும் துறைமுகத்திலும் காதில் விழுகிற சொற்களை எழுதச் சொல். யார் யாரிடம், எப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும், பொருள் பாதி அங்கேதான் இருக்கிறது. வலையிலும் படகிலும் வேலை செய்கிறவர்களின் சொற்கள் அந்தப் பெரியவர்களோடு போய்விடும். அகராதி ஆட்கள் வரும்வரை காத்திருக்க முடியாது. எழுதியதை எனக்கு அனுப்பு, இங்கே காந்தி மார்க்கெட்டில் நான் கேட்டு எழுதியவற்றை உனக்கு அனுப்புகிறேன்.

அப்புறம், மூக்கன் மகள் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? ரயிலில் பதிவு செய்துவிட்டு எழுது, ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். திட்டியதற்கு அங்கே வைத்து நீ என்னைத் திட்டிக்கொள்.

உன்,
தாடி